பேருந்து எண் ஒன்று

"உங்க தனித்துவம் என்ன?" என்று கேட்டார் மேலாளர்.

கேட்கப்பட்டவன் அந்த நிறுவனத்தில் நிரல் எழுதுகிறவன். கணினிக்குப் புரிகிற மொழியில் அதற்கு வேலை சொல்லித் தருகிறவன். நண்டு என்ற பட்டப்பெயர் அவனுக்குப் பிற்பாடுதான் வந்தது. எப்படியும் வரப்போகிற பெயர், இப்போதே வைத்துவிடுவோம். இந்தக் கதையில் முடிவு முதலிலும் காரணம் பிறகும்தான் வரும்.

நண்டு யோசித்துப் பார்த்தான். தனக்குத் தனித்துவம் உண்டென்று கட்டிய மனைவிகூட இதுவரை சொன்னதில்லை.

"குடுத்த வேலையை முடிச்சுடறேன் சார்."

"அது எல்லாரும் செய்யறதுதானே?"

நண்டு கண்ணாடிச் சுவருக்கு வெளியே பார்த்தான். ஒருவர் சுழல் நாற்காலியை உந்திவிட்டு அது எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இருவர் காப்பி இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். 'இல்லையே சார்' என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டான்.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் மேலாளர். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்வதற்கு முன்னால் அவர் எப்போதும் சொல்கிற வாக்கியம் அது. "நீங்க எழுதற மொழி இருக்கே, அது தெருவுல போறவனுக்கெல்லாம் தெரியும். கண்ணை மூடிட்டு ஒரு கல்லை எறிஞ்சா அது தெரிஞ்சவன் தலையிலதான் விழும். உங்க தலையில விழுந்தா கம்பெனிக்கு என்ன நஷ்டம்? பக்கத்துத் தலையை எடுத்துப்போம். அப்படியிருக்க உங்களை எப்படி முதுநிலை ஆக்கறது?"

முதுநிலை என்பது பதவி. அது இல்லாமலே தலை நரைத்துவிட்டால் என்ன ஆகும் என்பது நண்டுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்களை நிறுவனம் வேலையை விட்டு அனுப்பாது. அது மனிதத்தன்மை இல்லை என்று அதன் விதிகள் சொல்கின்றன. ஆகவே மாடியில் ஓர் அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். நல்ல நாற்காலி, நல்ல காற்று, கணினி கிடையாது. காலையில் வந்து உட்கார வேண்டும், மாலையில் எழுந்து போக வேண்டும். தாமாகவே விலகுகிறேன் என்று எழுதிக் கொடுக்கும்வரை அங்கே யாரும் அவர்களைத் தொந்தரவு செய்வதில்லை. அந்த அறைக்கு நிறுவனம் வைத்த பெயர் 'மறுசிந்தனைக் கூடம்'. மற்றவர்கள் 'நிழற்குடை' என்பார்கள். வராத பேருந்துக்குக் காத்திருக்கிற இடம்.

நண்டுக்குக் காதோரம் நரைக்க ஆரம்பித்திருந்தது.

"அடுத்த மதிப்பீட்டுக்குள்ள யாருக்கும் தெரியாத மொழி ஒண்ணு கத்துக்கிட்டு வாங்க," என்றார் மேலாளர். "எது வேணாலும் பரவாயில்ல. எனக்குத் தெரிஞ்சதா மட்டும் இருக்கக் கூடாது."

"உங்களுக்கு எதெல்லாம் தெரியும் சார்?"

"அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். ஒண்ணும் தெரியாது."

*

அவன் தேடிப் பிடித்த மொழிக்குப் பெயர்தான் நண்டு. யாரோ ஒரு கணிதக்காரர் பொழுது போகாமல் உண்டாக்கியது. அதில் விடையை முதலில் எழுத வேண்டும். அந்த விடை எப்படி வந்தது என்பதை அதன் பிறகு, பின்னாலிருந்து முன்னால், படிப்படியாக எழுத வேண்டும். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனம். உள்ளே போனவர்களுக்கு அதைவிட்டு வெளியே வர மனமிருக்காது.

நண்டுக்கும் அப்படித்தான் ஆயிற்று. பதவிக்காகப் படிக்க உட்கார்ந்தவன் பதவியை மறந்து படித்தான். முதல் தவறு அது. வீட்டிலும் அந்தப் பேச்சு தொற்றிக்கொண்டது.

"போட்டாச்சு," என்பான் வாசலில் நின்று.

"என்னத்தைப் போட்டாச்சு?" என்பாள் மனைவி. அவள் ஒரு பல் மருத்துவமனையில் முன்மேசையில் இருப்பவள். வலிக்கும் என்று தெரிந்தே 'வலிக்காது, உட்காருங்க' என்று சொல்லிச் சொல்லிப் பழகியவள்.

"வெளியில. குப்பையை. நிறைஞ்சிருந்துச்சு."

"மனுஷன் மாதிரிப் பேசுங்க. நேத்து என் அண்ணன்கிட்ட 'வேண்டாம், கார்ல, வீட்டுக்கு, நான்' அப்படின்னீங்க. அவர் பயந்துபோய் எனக்குப் போன் போட்டு, உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஏதும் சண்டையான்னு கேக்கறார்."

அந்த அண்ணன், நண்டுவின் மச்சான், அவரும் நிரல் எழுதுகிறவர்தான். வேறு நிறுவனம். வேலை மாறி மாறி ஏறி, இப்போது தனி அறையில் உட்காருகிறார். ஒரு நாள் வீட்டுக்கு வந்து நண்டு மொழியைத் திரையில் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதுல எழுதறதுக்கு உலகத்துல எத்தனை இடத்துல ஆள் எடுக்கறாங்க மாப்பிள்ளை?"

"அப்படி யாரும் எடுக்கல. ஆனா பாருங்க மச்சான், இதைக் கத்துக்கிட்டப்புறம் பழைய மொழியிலேயே நான் நல்லா எழுதறேன். எதையும் முடிவுலேருந்து யோசிக்க வருது."

"யோசிக்கறதுக்கு எங்க சம்பளம் குடுக்கறான்? என்னைப் பாருங்க. ஊருக்கே தெரிஞ்ச பாஷை, அதுல பாதிதான் எனக்குத் தெரியும். மீதி பாதி பக்கத்து சீட்டுக்காரனுக்குத் தெரியும். ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் விட்டுக்குடுக்க மாட்டோம். அதுதான் மாப்பிள்ளை வேலை."

"நண்டு கொழுத்தா வளையில தங்காதுன்னு சும்மாவா சொன்னாங்க," என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "எங்க போய் எந்தச் சட்டியில விழப்போகுதோ."

*

நிறுவனம் ஆண்டுதோறும் கொண்டாடுகிற தனித்துவ வாரத்தின்போது அவனை மேடையேற்றினார்கள். வளர்ச்சி வாரியத்தின் தலைவி நடுவில் உட்கார்ந்திருந்தார். யார் உயர வேண்டும், யார் நிழற்குடைக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கிறவர் அவர். உரையை இப்படித் தொடங்கினார்:

"எனக்கு எந்தக் கணினி மொழியும் தெரியாது. அதைப் பெருமையாவே சொல்லிக்கறேன். ஒரு மொழி தெரிஞ்சிருந்தா அது மேல பாசம் வந்துடும், நியாயம் கெட்டுடும். இந்த வாரியத்துல இருக்கற யாருக்கும் எதுவும் தெரியாம இருக்கணும்கறதுல நாங்க ரொம்பக் கண்டிப்பா இருக்கோம். போன வருஷம் ஒருத்தருக்கு லேசாத் தெரியும்னு கேள்விப்பட்டு, அவரை மரியாதையா அனுப்பிட்டோம்."

கைதட்டினார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "உங்க மொழி எத்தனை பேருக்குத் தெரியும்?" ஒருவன் பல்லாயிரம் பேர் என்றான், உதட்டைப் பிதுக்கி உட்கார வைத்தார்கள். ஒருத்தி சில நூறு என்றாள். ஒரு பேனா கொடுத்தார்கள். நண்டுவின் முறை வந்தது.

"உலகம் முழுக்கச் சேர்த்தாலும், எல்லாரையும் ஒரே பஸ்ல ஏத்திடலாம் மேடம்."

அவன் சொன்னது சும்மா ஒரு பேச்சுக்கு. தலைவி மலர்ந்துபோனார். ஆனால் பின்வரிசையில், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த ஒருவர், 'பஸ்' என்ற சொல்லைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் அபாயத் துறை அதிகாரி. நண்டு அவரைக் கவனிக்கவில்லை. அவன் கழுத்தில் 'அரிய மொழியாளர்' என்ற பட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த மொழியை எதுக்குப் பயன்படுத்தலாம்?" என்று தலைவி சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

அதற்குத்தான் நண்டு காத்திருந்தான். அந்த நிறுவனம் கப்பல்களில் சரக்குப் பெட்டி அடுக்குவதற்கு நிரல் எழுதித் தருவது. எந்தப் பெட்டிக்கு மேல் எந்தப் பெட்டி என்று கணினி சொல்ல வேண்டும். கடைசித் துறைமுகத்தில் இறங்குவது அடியில் போக வேண்டும், முதல் துறைமுகத்தில் இறங்குவது மேலே இருக்க வேண்டும். இருந்த நிரல் அதைச் சொல்லி முடிப்பதற்குள் கப்பல்காரனுக்குத் தாடி வளர்ந்துவிடும்.

"கப்பல்ல கடைசியா இறங்கறதுதானே மேடம் மொதல்ல ஏறணும்? முடிவை மொதல்ல எழுதற மொழிக்குன்னே செஞ்ச வேலை மாதிரி இருக்கு."

எழுதச் சொன்னார்கள். எழுதினான். ஒரு காப்பி ஆறுவதற்குள் முழுக் கப்பலையும் அடுக்கிக் காட்டியது. துறைமுகத்திலிருந்து பாராட்டி எழுதினார்கள். மேலாளர் அதைத் தன் பெயரில் வாங்கிக்கொண்டு, நண்டுவின் தோளில் தட்டினார்.

"முதுநிலை உறுதி. அடுத்த மதிப்பீட்டுல கையெழுத்துப் போடறதுதான் பாக்கி."

நண்டு மனைவிக்குப் போன் செய்தான். "உறுதி. முதுநிலை. எனக்கு."

"நேராச் சொல்லுங்க."

"எனக்கு முதுநிலை உறுதி."

"கையெழுத்து ஆனதும் மொத போன் எனக்குத்தான் வரணும். அண்ணன்கிட்ட நான் சொல்லணும்."

*

மதிப்பீட்டு அறையில் மேலாளருக்குப் பக்கத்தில் புதிதாக ஒருவர் இருந்தார். பின்வரிசைக்காரர்.

"உங்க பேருந்து எண் என்னன்னு தெரியுமா?" என்றார்.

"நான் நடந்து வரேன் சார். வீடு பக்கம்தான்."

அபாய அதிகாரி பரிவோடு சிரித்தார். "ஒரு வேலை நின்னுபோகணும்னா அதைத் தெரிஞ்சவங்க எத்தனை பேர் பஸ்ல அடிபடணும்? அதுதான் பேருந்து எண். பத்துப் பேருக்குத் தெரிஞ்ச வேலைக்கு எண் பத்து. பத்துப் பேரையும் பஸ் அடிக்கறது கஷ்டம். உங்க வேலைக்கு எண் ஒண்ணு. நீங்க அடிபட்டா கப்பல் நின்னுடும்."

"எந்த பஸ் சார்?"

"ஏதோ ஒரு பஸ்."

"லாரியில அடிபட்டா?"

"அதையும் பஸ் கணக்குலதான் எழுதுவோம். நோயில போனாலும் பஸ்தான். எங்க துறையில சாவுன்னா பஸ்." அவர் மேலாளர் பக்கம் திரும்பினார். "பேருந்து எண் ஒண்ணா இருக்கறவங்களை முதுநிலை ஆக்க விதி இல்ல. குறைஞ்சது இருபது வேணும்."

"அப்ப நாலு பேருக்குச் சொல்லித் தரேன் சார்," என்றான் நண்டு. "ஆசையாவே சொல்லித் தரேன்."

இந்தச் சேதி வளர்ச்சித் தலைவிக்குப் போயிற்று. அவர் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"சொல்லித் தரப்போறீங்களாமே. சொல்லித் தந்தா அது எப்படி அரிய மொழியா இருக்கும்? கழுத்துல பட்டை எதுக்கு மாட்டினோம்? இன்னொருத்தருக்குத் தெரிஞ்ச நிமிஷம் உங்க தனித்துவம் போயிடும். தனித்துவம் இல்லாதவங்களை முதுநிலை ஆக்க விதி இல்ல."

"மேடம், சொல்லித் தந்தாலும் ஆக முடியாது, தராட்டியும் ஆக முடியாதுன்னா நான் என்னதான் செய்யறது?"

"அந்தக் குழப்பம் உங்களுடையது. எங்க ரெண்டு விதியும் தெளிவா இருக்கு."

இரண்டு பிரிவும் கூடிப் பேசின. நல்லிணக்கத்தோடு முடிவெடுத்தன. நண்டு யாருக்கும் சொல்லித் தரக் கூடாது, அடிபடவும் கூடாது.

*

மறுநாள் அலுவலக வாசலில் ஒருவர் காத்திருந்தார். வாட்டசாட்டமான ஆள். "வணக்கம் சார். என்னை உங்களுக்குக் கைப்பிடியாப் போட்டிருக்காங்க," என்றார்.

"கைப்பிடின்னா?"

"ரோடு கடக்கும்போது உங்க கையைப் புடிச்சுக்கணும் சார். காலையில வீட்லேருந்து, சாயந்திரம் வீட்டுக்கு. நடுவுல நீங்க டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போனா அதுக்குத் தனியா அனுமதி வாங்கணும்."

நண்டு கூனிக் குறுகிப்போனான். எதிர்க்கடையில் தேநீர் குடிப்பதை நிறுத்தினான். மேலாளர் அவன் மேசையை ஜன்னல் பக்கத்திலிருந்து தூண் மறைவுக்கு மாற்றினார். மின்தூக்கி அறுந்து விழலாம், படிக்கட்டு வழுக்கலாம் என்பதால் அவன் தரைத்தளத்தைவிட்டு நகரக் கூடாது என்றார்கள். கூட்டங்களெல்லாம் மேல்மாடியில் நடந்தன. கூட்டங்களுக்கு வருவதில்லை என்று அவன்மேல் குறிப்பு எழுதினார்கள். விடுப்புக் கேட்டான், விடுப்பில்தான் மனிதர்கள் அதிகம் சாகிறார்கள் என்று அபாய அதிகாரி ஒரு வரைபடத்தைக் காட்டினார்.

மனைவிக்குப் போன் வந்தது. "மேடம், உங்க வீட்டுக் குளியலறைத் தரை வழவழப்பா, சொரசொரப்பா?"

"யார் பேசறது?"

"உங்க கணவரோட அபாயத் துறை."

"அந்தத் துறையில இத்தனை வருஷமா நான்தான் இருக்கேன், எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல," என்று வைத்துவிட்டாள். சாயந்திரம், கைப்பிடி வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போனதும், புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக்கூட இப்ப தனியா அனுப்பறாங்க. எதிர்வீட்டுக்காரி உங்களுக்குக் கண்ணுல ஏதும் கோளாறான்னு விசாரிக்கறா."

"கொஞ்ச நாள்தான். முதுநிலை ஆயிட்டா..."

"ஆயிட்டா ரெண்டு கையையும் புடிப்பாங்க."

வேறு இடம் பார்க்கலாம் என்று ஒரு நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போனான். கைப்பிடி வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் என்று சொல்லிவைத்தான். நேர்காணல்காரர் நண்டு மொழி என்றதும் எழுந்து கை கொடுத்தார்.

"அடடா. யாரும் சொல்லாம, ஆசைப்பட்டுக் கத்துக்கிட்டிருக்கீங்க. இந்த மாதிரி ஆளுங்களைத்தான் நாங்க தேடிட்டு இருக்கோம்."

நண்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப எப்ப சார் சேரணும்?"

"தேடிட்டுத்தான் இருக்கோம். எடுக்கறதில்ல. ஆசைப்பட்டுக் கத்துக்கறவங்களுக்கு இங்க இருக்கற வேலை சலிச்சுப்போயிடும். சலிக்காத ஆளா ஒருத்தரைப் பாத்து வச்சிருக்கோம். அவருக்கு எதுலயும் ஆசை கிடையாது. வெளியில உக்காந்திருக்காரே, உங்க அண்ணன், அவர் என்ன செய்யறார்?"

*

வருடத்துக்கு ஒரு முறை பேருந்து ஒத்திகை நடத்த வேண்டும் என்பது விதி. அதுவரை நடத்தியதில்லை, அடிபடத் தகுந்த ஆள் கிடைக்கவில்லை.

முற்றத்தில் எல்லாரையும் கூட்டினார்கள். அட்டையில் ஒரு பேருந்து செய்திருந்தார்கள். முகப்பு விளக்கெல்லாம் வரைந்து, உள்ளே நான்கு பேர் நின்று தூக்கி வந்தார்கள். ஒத்திகைப் பேருந்தும் தாமதமாகத்தான் வந்தது. நண்டு நடுவில் நின்றான். அட்டை அவன் முழங்காலில் இடித்தது. "விழுங்க," என்று காதோரம் சொன்னார் கைப்பிடி. விழுந்தான். வெள்ளைத் துணி போர்த்தினார்கள்.

அதே நேரத்தில் மனைவிக்குப் போன் போயிற்று. "மேடம், உங்க கணவர் பஸ்ல அடிபட்டு இறந்துட்டார். இது ஒத்திகை. அழணும்னு கட்டாயமில்ல."

எதிரே வாயைத் திறந்துகொண்டு ஒரு நோயாளி நின்றிருந்தார். அவள் ஒரு நிமிடம் எதையோ பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "ஒத்திகை எப்ப முடியும்?"

"சாயந்திரத்துக்குள்ள எழுந்துடுவார்."

"வரும்போது ஒரு விளக்குமாறு வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

முற்றத்தில் மேலாளர் இரங்கல் உரை ஆற்றினார். "நம்ம நண்டு... அவரோட நிஜப் பேர் இப்ப சட்டுனு வரல... நம்மோட ஒருத்தரா இருந்தார். இருக்கற இடம் தெரியாம இருந்தார். அவர் போன இடமும் நமக்குத் தெரியாது." இருவர் மூக்கை உறிஞ்சினார்கள். ஒருவருக்குச் சளி.

இனி அவன் இல்லாமல் கப்பலை அடுக்க வேண்டும். ஓட்டினார்கள். வழக்கம்போலக் காப்பி ஆறுவதற்குள் அடுக்கி முடித்துவிட்டது. எல்லாம் சரியாக இருந்தது.

அபாய அதிகாரியின் முகம் விழுந்துவிட்டது. "இது எப்படி? ஆள் செத்தும் ஒண்ணும் ஆகலைன்னா, அப்புறம் நம்ம துறை எதுக்கு?" கொஞ்ச நேரம் உலாவினார். "சரி, ஏதாவது மாத்திப் பாருங்க. திரையில அந்த நீலத்தைப் பச்சை ஆக்குங்க."

நீலத்தைப் பச்சை ஆக்க ஒருவருக்கும் தெரியவில்லை. திரையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. வெள்ளைத் துணிக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "கடைசி வரியில நிறம்னு இருக்கும் பாருங்க, அங்க..."

"செத்தவங்க பேசக் கூடாது," என்றார் அபாய அதிகாரி. "பாத்தீங்களா எல்லாரும்? நிறுவனம் ஸ்தம்பிச்சுடுச்சு. எவ்வளவு பெரிய அபாயத்தோட இவ்வளவு நாள் இருந்திருக்கோம்."

*

அறிக்கை போயிற்று, முடிவு வந்தது. கப்பல் அடுக்கும் நிரலை எல்லாருக்கும் தெரிந்த மொழியில் மறுபடி எழுத வேண்டும். அதற்கு ஒரு பெருங்குழு. குழுவுக்குப் பாடம் சொல்ல நண்டு.

"மொழியைச் சொல்லித் தரக் கூடாதுன்னீங்களே மேடம்?" என்று அவன் தலைவியிடம் கேட்டான்.

"மொழியைச் சொல்லித் தராதீங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க. வேலை முடிஞ்சதும் பேருந்து எண் இருபதைத் தாண்டிடும். அப்புறம் முதுநிலைக்கு ஒரு தடையும் இருக்காது."

நண்டு நம்பினான். நம்பாமல் என்ன செய்வான். காதோரம் இருந்த நரை உச்சிக்கு வந்துவிட்டது. தன் நிரலை வரி வரியாகப் பிரித்துச் சொன்னான்.

"கடைசித் துறைமுகத்துப் பெட்டி மொதல்ல ஏறும்," என்பான்.

"ஏன் அப்படி?" என்பான் குழுவில் ஒருவன். "மொதத் துறைமுகம் மொதல்ல வருதுன்னா, அந்தப் பெட்டிதானே மொதல்ல ஏறணும்? படிச்சுப் பாத்தாலே தெரியுதே."

"பெட்டிக்குள்ள துணி வச்சுப் பாருங்க தம்பி. ஊருக்குப் போய் மொத நாள் போடற சட்டை எங்க இருக்கணும்?"

"எங்க வீட்ல அம்மாதான் சார் எடுத்து வைப்பாங்க."

முடித்தார்கள். புது நிரல் கப்பலை அடுக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் இன்னொரு கப்பல் கட்டிவிடலாம். அடுக்கியதும் தலைகீழ். முதல் துறைமுகத்தில், மேலே இருந்த அத்தனையையும் இறக்கி, அடியில் கிடந்ததை எடுத்துவிட்டு, மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. துறைமுகத்தில் கூச்சல். குழு வீட்டுக்குப் போகாமல் அலுவலகத்திலேயே கிடந்து கையால் பட்டியல் போட்டுக் கொடுத்தது. அந்த உழைப்பை மெச்சி எல்லாருக்கும் 'நெருக்கடி வீரர்' பட்டை மாட்டினார்கள். நண்டுவின் நிரல் இருந்தவரை நெருக்கடியே வந்ததில்லை. ஆகவே அவனுக்கு அந்தப் பட்டை வந்ததில்லை.

பழைய நிரலை அழித்துவிட்டார்கள். பேருந்து எண் இருபதைத் தாண்டிவிட்டது என்று அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதினார்கள்.

*

மதிப்பீட்டு நாள் காலையில் மனைவி அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அப்படியெல்லாம் செய்கிறவள் இல்லை.

"இன்னைக்கு ஆயிடுமா?"

"ஆயிடும். இனி தடை ஒண்ணும் இல்ல."

"அண்ணன்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். எங்க பல் டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். இனிமே ஏன் மறைக்கணும்?"

"ஆகட்டும், அப்புறம்..."

"முடிவை மொதல்ல சொல்லணும்னு நீங்கதானே சொல்லுவீங்க. சொல்லிட்டேன்."

மதிப்பீட்டு அறையில் தலைவி, மேலாளர், அபாய அதிகாரி மூவரும் இருந்தார்கள்.

"அடையாள அட்டையைக் குடுத்துடுங்க," என்றார் தலைவி.

கழற்றிக் கொடுத்தான். முதுநிலைக்கு வேறு நிற அட்டை என்று கேள்விப்பட்டிருந்தான்.

"உங்களை வேலையிலேருந்து விடுவிச்சாச்சு."

நண்டு சிரித்தான். பிறகு மூவரும் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினான். "எதுக்கு மேடம்?"

"காரணம் பின்னாடி வரும். உங்களுக்குப் பழக்கமான முறைதானே? உண்மையைச் சொன்னா எங்க வாரியம் ரொம்ப நாளாவே உங்க மொழியிலதான் இயங்குது. நீங்க வந்து விளக்கினப்புறம்தான் அதுக்கு ஒரு பேர் இருக்குன்னு தெரிஞ்சுது." அவர் மேலாளரைப் பார்த்தார். "நீங்க ஆரம்பிங்க."

மேலாளர் தொண்டையைச் செருமினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நண்டு மொழிக்காரர். நம்ம கம்பெனியில அந்த மொழியில ஏதாவது ஓடுதா?"

"இல்ல சார். நீங்கதான் அழிச்சீங்க."

"யார் அழிச்சாங்கங்கறது வேற. ஓடுதா, இல்லையா?"

"இல்ல."

"அப்ப உங்களுக்கு இங்க என்ன வேலை?"

"எனக்குப் பழைய மொழியும் தெரியும் சார். ஆரம்பத்துலேருந்து அதுலதானே எழுதினேன். உங்களுக்கே தெரியும்."

தலைவி தலையசைத்தார். "உங்க பேருக்கு நேரா அரிய மொழியாளர்னு பதிவாகியிருக்கு. பொதுமொழி தெரிஞ்சவர் அரிய மொழியாளரா இருக்க முடியாது. தெரியும்னு நீங்க சொன்னா, பட்டையை ஏமாத்தி வாங்கினதா ஆகும். அதை நாங்க வெளியில சொல்ல வேண்டியிருக்கும். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது மேடம்."

"நல்லது."

"நரைச்சவங்களை வேலையை விட்டு அனுப்பறதில்லன்னு விதி இருக்கே மேடம். மாடியில... அந்த ரூம்லயாவது ஒரு நாற்காலி." எந்த அறைக்குப் பயந்து இத்தனையும் செய்தானோ அந்த அறையைக் கேட்டான். "சும்மா உக்காந்திருக்கேன்."

"மறுசிந்தனைக் கூடம் தரைத்தளத்துல இல்ல," என்றார் அபாய அதிகாரி. "நீங்க படி ஏறக் கூடாதுன்னு என் கையெழுத்துல உத்தரவு இருக்கு. அதை ரத்து செய்யணும்னா நீங்க ஊழியரா இருக்கணும்." எழுந்து வந்து அவன் கையைக் குலுக்கினார். அவர் குரலில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. "ஒரு நல்ல சேதி. இன்னியோட உங்க பேருந்து எண் ரத்தாகுது. இனிமே நீங்க தாராளமா எங்க வேணாலும் போகலாம், எதுல வேணாலும் அடிபடலாம். கப்பல் நிக்காது."

*

வாசலில் கைப்பிடி நின்றிருந்தார். புதுச் சட்டை. மார்பில் வேறு நிற அட்டை. அவருக்குப் பக்கத்தில் வரிசையாகப் புதிய ஆட்கள், எல்லாரும் வாட்டசாட்டமானவர்கள்.

பழக்கத்தில் நண்டு கையை நீட்டினான்.

"மன்னிக்கணும் சார். உங்களைப் புடிக்கக் கூடாதுன்னு உத்தரவு வந்திருக்கு."

"இவங்கல்லாம் யாரு?"

"புதுக் குழுவுல ஆளுக்கு ஒருத்தர் சார். பேருந்து எண் கூடிப்போச்சுல்ல, கையும் கூடிப்போச்சு. இவங்களுக்கு நான்தான் தலைமை." சற்றுக் கூச்சத்தோடு அட்டையைத் தொட்டுக் காட்டினார். "முதுநிலைக் கைப்பிடி."

நண்டு தெருவோரம் வந்து நின்றான். பையில் போன் அடித்தது. மனைவி. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. இந்த முறை மச்சான்.

எதிர்ப்பக்கம் வீடு. நடுவில் தெரு. எந்தப் பக்கம் முதலில் பார்க்க வேண்டும் என்பது மறந்துபோயிருந்தது. இத்தனை நாளும் வேறொருவர் பார்த்தார், இவன் நடந்தான். காலை எடுத்து வைத்தான். ஒரு வண்டி ஒதுங்கிப் போயிற்று. இன்னொன்று திட்டிக்கொண்டே போயிற்று. நடுத்தெருவில் நின்று, திரும்பிப் போவதா முன்னால் போவதா என்று யோசித்தான். அப்போதுதான் அது வந்தது. அட்டையில் செய்தது இல்லை. சக்கரங்கள் தேய்ந்து அலறி, அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. சரியான நேரத்துக்கு வந்த பேருந்து.

ஓட்டுநர் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

"யோவ், வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

ஊரில் எல்லா ஓட்டுநரும் எல்லாரையும் கேட்கிற கேள்விதான். பதில் எதிர்பார்த்து யாரும் கேட்பதில்லை. நண்டு அண்ணாந்து பார்த்தான். அன்று அவனிடம் பதிலுக்காக ஒருவர் கேட்ட முதல் கேள்வி என்று அவனுக்குத் தோன்றியது. அதனால் யோசித்து, மரியாதையாக, முன்னாலிருந்து பின்னால் ஒழுங்காகச் சொன்னான்.

"இல்லீங்க. இன்னும் வீட்ல சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

பையில் போன் மறுபடி அடித்தது. ஓட்டுநர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பின்னால் வண்டிகள் ஒலியெழுப்பின. அவர் அவசரமில்லாமல் கியரைப் போட்டார்.

"மொதல்ல போய்ச் சொல்லிட்டு வாய்யா," என்றார். "நான் தினமும் இந்த வழியாத்தான் வருவேன்."